அருவிக்கு நடந்து போனவன் காலில் தீட்டா?

ஏரியையும் அருவியையும் பார்ப்பதற்காகப் பத்துப் பேர் கூடி ஒரு பகல் முழுவதும் நடந்து போய் வருவது ஒரு பெரிய சங்கதியா, அதைப்பற்றி ஒரு பத்திரிகையில் எழுதித்தான் தீரவேண்டுமா என்று சிலருக்குத் தோன்றக்கூடும். வயிற்றுப் பிழைப்புக்கு வழி தேடவே பொழுது போதாதவனுக்கு உல்லாச நடை ஒரு கேடா என்றும் சிலர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம், வயிற்றுப் பிழைப்புக்கே திண்டாடிக்கொண்டிருந்த கூலிக்காரர்கள்தான் ஒரு தேசத்தில் இந்த நடைக்காகப் போராடினார்கள், அடிபட்டார்கள், ஜெயிலுக்கும் போனார்கள் என்பதாகும். அவர்களைத் தடுத்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று நம் நாட்டாருடைய காதுக்கு மிகவும் பழக்கமானது. அதாவது, அவர்களுடைய கால் பட்டால் தண்ணீர் கெட்டுப்போகும் என்பதேயாகும். ஆகவேதான் இதைப்பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுத முன்வந்தோம்.

அந்தத் தேசம் இங்கிலாந்து. அதன் வட பாகத்திலுள்ள மாஞ்செஸ்டர் என்ற ஊரின் பேர் நம்மில் துணி உடுத்தின எவருக்கும் தெரிந்ததுதான். ஒரு காலத்தில் நம் கைத்தறிக்காரர் வாயில் மண்ணைப் போட்ட மில் துணி அங்கிருந்துதான் மூட்டை மூட்டையாக வந்தது. ஆனால் அந்த மில்களில் வேலை செய்தவன் அந்த லாபத்தில் என்ன சுகத்தைக் கண்டான் என்று பார்த்தால், வாரத்தில் ஐந்தரை நாள் பஞ்சுத் தூசியும், கரிப்புகையும், சந்தில் ஒண்டுக்குடித்தனமுந்தான் அவனுக்குக் கிடைத்தன. 1930க்குப் பிறகு அந்த வேலையும் போய்விட்டது. 1932ஆம் வருஷத்தில் பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் 25 லட்சத்திற்கு மேல் இருந்தார்கள். இப்படிப்பட்ட ஜனங்களுக்குக் காசில்லாமல் கிடைக்கக்கூடிய சந்தோஷம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, ஆணும் பெண்ணுமாகக் கூட்டங்கூட்டமாய் ரயிலேறியோ சைக்கிளிலோ போய், மலையடிவாரத்தில் இறங்கி, பகலெல்லாம் நடந்து, நல்ல காற்றைக் குடித்துவிட்டு, ராத்திரி வீடு திரும்புவதே அந்தச் சந்தோஷமாகும்.

மாஞ்செஸ்டருக்கும் ஷெபீல்டு என்ற இரும்புத் தொழில் நகரத்துக்கும் மத்தியில் பீக் என்று ஒரு மலைப்பிரதேசம் இருக்கிறது. அதில் மிகவும் உயர்ந்தது கிண்டர் ஸ்கௌட் என்ற மேடு. உயரம் 2,087 அடி. நம் நீலகிரியைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு மலையாகவே தோன்றாது. ஆனாலும் அதன் விளிம்பிலிருந்து சுமார் 100 அடி கீழே விழும் ஓர் அருவி உண்டு. மேற்கிலிருந்து பலமாகக் காற்று அடிக்கும் நாட்களில் விழுகிற தண்ணீரைக் காற்று அப்படியே தூக்கி மேல்நோக்கி அடித்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் மலையின் மேல் புகை எழும்புவதுபோல் தெரியும். அருவிக்குக் கீழ்ப்புறத்தில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. அதில் கடற்கன்னி வசிக்கிறாள் என்றும், ஈஸ்டர் பண்டிகையன்று விடியற்காலையில் அவளைக் கண்டவனுக்குச் சாவே இல்லை என்றும் அவ்வூரார் கதை கட்டியிருக்கிறார்கள். கடலுக்கும் அந்தக் குளத்துக்கும் எவ்வளவு தூரம், அவள் எந்த வழியாக வந்து சேர்ந்தாள் என்று கேட்பதற்கு அங்கேயும் ஆள் குறைவாக இருந்ததால்தான் அக்கதை நிலைத்தது போலும்! மலையின் அடிவாரத்தில், பக்கத்து நகரத்தின் குடிதண்ணீருக்காக இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கட்டிய ஒரு பெரிய நீர்த்தேக்கமும் உண்டு. ஆக, ஏரி, அருவி, குளம் மூன்றும் ஒரு நாள் நடையில் பார்த்துவிடக்கூடிய இடம் அது.

ஆனால் பார்ப்பதற்கு அனுமதி இல்லை. அந்த மேடெல்லாம் ஒரு காலத்தில் சுற்றுப்புறத்து ஜனங்கள் ஆடு மேய்த்துக்கொண்டும், எரிப்பதற்குக் கரம்பு மண் வெட்டிக்கொண்டும் இருந்த பொது நிலமாகும். பிரபுக்களே பெரும்பாலும் உட்கார்ந்திருந்த பார்லிமெண்டு சட்டத்தின் மேல் சட்டம் செய்து, அவைகளைப் பிரபுக்களுக்கே பாத்தியமாக்கி வேலி போட்டுக்கொடுத்தது. எதற்காக என்றால், கௌதாரி போன்ற கிரவுஸ் என்னும் பறவையை வளர்த்து, வருஷந்தோறும் ஆகஸ்டு 12ந் தேதி முதல் சில மாதங்கள் சுட்டு விளையாடுவதற்காக! அந்த விளையாட்டுக்காக வருஷத்தில் 365 நாளும் மற்றவர்கள் அங்கே கால் வைக்கக்கூடாது என்று தடியுடன் வேட்டைக் காவலர்களை நிறுத்தி வைத்தார்கள். பீக் பிரதேசத்து மேட்டு நிலத்தில் ஜனங்கள் தாராளமாக நடக்கக்கூடியதாக இருந்தது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கிண்டர் பக்கத்தில் 1897ஆம் வருஷத்தில் ஒரு சங்கத்தார் பாடுபட்டு ஒரே ஒரு நடைபாதையைத் திறக்கச் செய்தார்கள். அந்தப் பாதையில் போகலாம். ஆனால் பாதையைவிட்டு வலப்புறமோ இடப்புறமோ நாலு அடி எடுத்து வைத்தால் குற்றம். மலைகளில் நடக்க ஜனங்களுக்கு உரிமை வேண்டும் என்று 1884ஆம் வருஷத்திலேயே ஜேம்ஸ் பிரைஸ் என்பவர் பார்லிமெண்டில் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது தோற்றது. பிறகும் பல தடவை வந்தது. பல தடவையும் தோற்றது. விண்ணப்பம் போட்டுக்கொண்டே ஒரு தலைமுறை செத்து, அடுத்த தலைமுறையும் கிழமாகிவிட்டது.

இந்த நிலையில் 1932ஆம் வருஷம் ஈஸ்டர் விடுமுறையில், தொழிலாளர் விளையாட்டுச் சங்கம் ஒன்றைச் சேர்ந்த சில வாலிபர்கள் பக்கத்து மேட்டில் ஏறப் போனார்கள். காவலர்கள் மிரட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களில் பென்னி ராத்மன் என்பவர் ஒருவர். 20 வயது, மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தவர். சிலராகப் போனால் அடித்துத் துரத்துகிறார்கள். நூற்றுக்கணக்காகப் போனால் யாரைத் துரத்துவார்கள் என்று அவர்கள் யோசித்தார்கள். கூட்டமாகப் போவதிலுள்ள பலத்தை அவர்கள் எந்த நூலிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. துரத்தப்பட்ட அவமானத்திலிருந்தே தெரிந்துகொண்டார்கள். அந்த ஏப்ரல் 24ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஹேபீல்டு என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள ஒரு பழைய கல்லுடைக்கும் பள்ளத்தில் சுமார் 400 பேர் கூடினார்கள். ராத்மன் ஒரு பாறையின் மேல் நின்று பேசினார். பிறகு எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்து, அனுமதிக்கப்பட்ட பாதையைவிட்டு வேண்டுமென்றே விலகி, மேட்டின்மேல் ஏறினார்கள். தடிகளுடன் நின்ற காவலர்களுக்கும் அவர்களுக்கும் கைகலப்பு ஏற்பட்டு, ஒரு காவலர் காயமடைந்தார். மேலே போனவர்கள், மறுபுறத்தில் ஷெபீல்டிலிருந்து நடந்து வந்த தோழர்களைக் கண்டு மகிழ்ந்து, வந்த வழியே இறங்கினார்கள். இறங்கினதும் போலீசார் பிடித்துக்கொண்டார்கள்.

ஆறு பேர் மேல் வழக்கு நடந்தது. அத்துமீறி நுழைந்தார்கள் என்று குற்றஞ்சாட்டவில்லை. ஏனென்றால் அந்நாட்டுச் சட்டப்படி பிறர் நிலத்தில் வெறுமனே நடந்து போவது நஷ்டஈட்டு வழக்குக்கு இடமாகுமே தவிர, ஜெயிலுக்கு இடமாகாது. ஆகவே கலகக் கூட்டம் கூடினதாகவும், அடிதடி செய்ததாகவும் வழக்கு ஜோடிக்கப்பட்டது. டெர்பி நகரத்துக் கோர்ட்டில் இவ்வழக்கைப் பார்த்து விசாரணைக்கு அனுப்பிய பெரிய ஜூரியில் இருந்தவர்கள் யார் என்றால், பிரிகேடியர் ஜெனரல்கள் 2 பேர், கர்னல்கள் 3 பேர், மேஜர்கள் 2 பேர், காப்டன்கள் 3 பேர், நகரசபை ஆல்டர்மென்கள் 2 பேர், மீதி 11 பேர் கிராமத்துப் பெரிய தனக்காரர்கள். மில்காரன் ஒருவன்கூட இல்லை. ஓநாய்களைக் கூட்டி வைத்து ஆட்டின் வழக்கைத் தீர்க்கச் சொன்னதுபோல் ஆயிற்று. ஒருவர் விடுதலையானார். மற்ற ஐந்து வாலிபர்களுக்கும் 2 மாதம் முதல் 6 மாதம் வரை தண்டனை கிடைத்தது. ராத்மனுக்கு 4 மாதம்.

நிற்க, கால் பட்டால் தண்ணீர் கெடும் என்ற காரணத்துக்கு இப்போது வருவோம். வட இங்கிலாந்தின் பல நகரசபைகள், மழைத் தண்ணீர் வந்து தங்கள் நீர்த்தேக்கங்களில் சேருகின்ற மேட்டு நிலங்களையும் விலைக்கு வாங்கி வைத்திருந்தன. இந்த நிலங்களில் ஜனங்கள் நடமாடினால் குடிதண்ணீர் அசுத்தமாகிவிடும், ஊரில் விஷசுரம் பரவிவிடும் என்று சொல்லி, அவைகளையும் மூடி வைத்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். அசுத்தத் தண்ணீரால் விஷசுரம் வருவது சாஸ்திரப்படி மெய்யே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே நிலங்களில் பல இடங்களில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவை அங்கேயேதான் கழித்தன, அங்கேயேதான் செத்தன. பறவை சுடுவதற்குப் பிரபுக்களும், அவர்களுடைய விருந்தாளிகளும், நாய்களும், வேலையாட்களும் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஆட்டின் காலில் இல்லாத அசுத்தமும், பிரபுவின் பூட்ஸில் இல்லாத அசுத்தமும் மில்காரன் காலில் மாத்திரம் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? விஷசுரக் கிருமிக்கு ஆளின் அந்தஸ்தைப் பார்த்து ஏறும் அறிவு உண்டா?

உண்மையில் தண்ணீர் எங்கே கெட்டது என்பதற்கு ஓர் அத்தாட்சி சொல்லுவோம். 1937ஆம் வருஷத்தில் லண்டனுக்குத் தெற்கேயுள்ள கிராய்டன் என்ற ஊரில் குடிதண்ணீரால் விஷசுரம் பரவி 43 பேர் இறந்தார்கள். அங்கே எந்த அருவிக்கும் யாரும் நடந்து போகவில்லை. ஊர்ச்சபையின் சொந்தக் கிணற்றுக்குள்ளேயே இறங்கி மராமத்து வேலை செய்தவர்களில் ஒருவர், தாம் அறியாமலே அந்தக் கிருமியைத் தாங்கியிருந்தார். அந்தச் சமயத்தில் தண்ணீரை வடிகட்டுவதையும், குளோரின் போடுவதையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதாவது, கெட்டது மேட்டில் நடந்தவனால் அல்ல; செய்யவேண்டிய சுத்தத்தைச் செய்யாமல் விட்டதால். 1948ஆம் வருஷத்தில், சர்க்காருக்குத் தண்ணீர் விஷயமாக ஆலோசனை சொல்ல ஏற்பட்ட கமிட்டியார் இதைப் பரிசீலித்து, தண்ணீரைச் சரியாகச் சுத்தம் செய்கிற இடத்தில், நீர்த்தேக்கத்தை ஒட்டியுள்ள பாகம் போக மற்ற நிலங்களில் ஜனங்களைத் தடுப்பதற்கு நியாயமில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். அதுவரை எத்தனை ஆயிரம் பேரை இந்தத் தீட்டைச் சொல்லித் துரத்தியிருப்பார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இதைப் படிக்கிற நம்மவர்களுக்கு, 1927ஆம் வருஷம் மார்ச்சு 20ந் தேதி பம்பாய் மாகாணத்து மஹாத் என்ற ஊரில் நடந்தது ஞாபகத்திற்கு வராமல் இராது. அன்றைக்கு ஆயிரக்கணக்கான தாழ்த்தப்பட்ட மக்கள் டாக்டர் அம்பேத்கர் தலைமையில் ஒரு குளத்துக்கு நடந்து போனார்கள். அதில் தண்ணீர் எடுத்துக் குடித்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த காரியம். அது முனிசிபாலிட்டியின் பொதுக்குளம். எல்லோருக்கும் பொது என்று முனிசிபாலிட்டியே தீர்மானமும் செய்திருந்தது. மாடும் நாயும் அதில் குடிக்கலாம், மற்ற மதத்தாரும் குடிக்கலாம். ஆனால் இவர்கள் குடித்ததும் தண்ணீர் தீட்டாகிவிட்டதாம். ஆகவே சாதிக்காரர்கள் கூடி, சாணியும், மூத்திரமும், பாலும், தயிரும் 108 குடத்தில் கொண்டுவந்து கொட்டிக் குளத்தைச் சுத்தம் செய்தார்கள்! சாணியையும் மூத்திரத்தையும் கொட்டிச் சுத்தம் செய்கிற புத்தி எப்படிப்பட்டது என்று நாம் விவரிக்கத் தேவையில்லை. குளம் பொதுவானது என்று ஐகோர்ட்டில் தீர்ப்பாவதற்கு 1937 வரை பத்து வருஷம் பிடித்தது.

இந்த இரண்டு சங்கதிகளும் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. மில்காரன் வேலை மாறினால், காசு சேர்த்தால், அதே பிரபுவின் விருந்தாளியாகவும் போகலாம். சாதியில் தாழ்த்தி வைக்கப்பட்டவன் பாரிஸ்டராகி வந்தாலும் அந்தக் குளத்துத் தண்ணீரைத் தொடமுடியவில்லை. ஆகவே கொடுமையின் அளவில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வித்தியாசம் இருக்கிறது. ஆனால் இரண்டிலும் தடுத்தவர்கள் கையாண்ட தந்திரம் ஒன்றுதான். பொதுச் சொத்தை ஒரு கூட்டத்தார் வைத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள். அந்த ஆசையை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, சுத்தம் என்ற வார்த்தையை எடுத்துப் போர்த்திக்கொள்ளுவார்கள். ஓரிடத்தில் அதற்குச் சாஸ்திரம் சாட்சி. மற்றோரிடத்தில் சுகாதாரம் சாட்சி.

பிறகு கிண்டரில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1932இல் அந்த வாலிபர்கள் செய்தது காரியத்தைக் கெடுத்துவிடும் என்று நடைச் சங்கங்களின் பெரிய மனிதர்களே பேசினார்கள். ஆனால் சில வாரங்களுக்குள் நடை உரிமைக்காக நடந்த ஒரு கூட்டத்துக்குச் சுமார் 10,000 பேர் வந்து சேர்ந்தார்கள். 1949ஆம் வருஷத்தில் தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறிற்று. 1951இல் அதன்படி ஏற்பட்ட முதல் தேசியப் பூங்கா, அதே பீக் பிரதேசந்தான். 2000ஆம் வருஷத்துச் சட்டத்தினால், இங்கிலாந்தின் நிலத்தில் சுமார் நூற்றுக்கு 8 பங்கில், பாதையைவிட்டு விலகியும் தாராளமாக நடக்கலாம் என்றாயிற்று. 2002ஆம் வருஷத்தில், 70 வருஷ ஞாபகக் கூட்டத்துக்கு அந்த மேட்டை அன்று ஆண்ட டெவன்ஷயர் பிரபுவின் பேரனே வந்து, தம் பாட்டனார் செய்தது தப்பு என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஜெயிலுக்குப் போனவர்கள் கலகக்காரர்களா, அனுப்பினவர்கள் கலகக்காரர்களா என்பதற்கு இதைவிட வேறு தீர்ப்பு வேண்டியதில்லை.

ஆனாலும் முழு வெற்றி இன்னும் வரவில்லை. அந்த 2000ஆம் வருஷத்துச் சட்டம், ஏரிக்கரை வரை நடந்து போகலாம் என்கிறது. ஏரியில் இறங்கிக் குளிக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. பக்கத்து ஸ்காட்லாந்திலோ 2003ஆம் வருஷத்துச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளுகிற எவருக்கும் நிலத்தோடு தண்ணீரையும் சேர்த்தே திறந்துவிட்டிருக்கிறது. ஒரே ராஜ்யத்தில் ஒரு கரையில் கெடாத தண்ணீர் மற்றொரு கரையில் கெட்டுவிடுமா? இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். இங்கிலாந்தில் குடிதண்ணீரும் சாக்கடையும் 1989ஆம் வருஷத்தில் தனி முதலாளிக் கம்பெனிகள் வசம் போயின. சர்க்கார் இலாகா வெளியிட்ட கணக்கின்படியே, 2023ஆம் வருஷம் ஒன்றில் மாத்திரம், மழைநீரோடு கலந்த சாக்கடை ஆற்றிலும் கடலிலும் திறந்துவிடப்பட்ட நேரத்தைக் கூட்டினால் 36 லட்சம் மணி நேரம் ஆகிறது. கூலிக்காரனின் செருப்புக் காலால் தண்ணீர் கெடும் என்று கவலைப்பட்ட தேசத்தில், முதலாளியின் குழாய்க்கு மாத்திரம் அந்தக் கவலை அத்தனை மணி நேரம் தூங்கிப் போயிற்று!

இனி, நடக்கிறவர்கள் எது செய்தாலும் சரி என்பது நம் கட்சியல்ல. அந்த மேட்டு நிலம் மக்கிய கரம்பு மண்ணால் ஆனது. கோடையில் ஒரு சிகரெட்டு நெருப்பு விழுந்தாலும் பற்றி, மண்ணுக்குள்ளேயே நாட்கணக்காகப் புகையும். 2018ஆம் வருஷத்தில் அதற்கு வடக்கேயுள்ள சாடில்வொர்த்து மேடு அப்படி எரிந்தது. ஆகவே நெருப்புக் காலத்தில் மூடி வைப்பது நியாயம். மார்ச்சு முதல் ஜூலை முடிய, தரையில் முட்டையிடும் பறவைகளுக்காக நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகவேண்டும் என்பதும் நியாயம். ஆழமான நீர்த்தேக்கத்தில் தண்ணீர் கோடையிலும் சில்லென்றிருக்கும். திடீரென்று குதித்தவனுக்கு மூச்சுத் திணறி, நீந்தத் தெரிந்தாலும் கை கால் ஓடாது. அதைச் சொல்லி எச்சரிக்கை பலகை வைப்பதும் நியாயம். இவைகளெல்லாம் எல்லோருக்கும் ஒன்றாகப் பொருந்தும். பிரபுவின் நெருப்பும் சுடும், ஏழையின் நெருப்பும் சுடும். பரீட்சித்துப் பார்க்கவும் முடியும். தடை நியாயமானதா, பித்தலாட்டமா என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான உரைகல் வேறில்லை. அதாவது, அந்தத் தடை ஆளைப் பார்க்கிறதா, ஆபத்தைப் பார்க்கிறதா என்பதே.

நம் வாலிபர்களுக்கு நாம் சொல்லுவதும் இதுதான். வருஷத்தில் சில நாளாவது கட்டுச்சோற்றைக் கட்டிக்கொண்டு, கூட்டமாக ஏதாவது ஓர் ஏரிக்கோ, அருவிக்கோ நடந்து போங்கள். பெண்களையும் அழைத்துப் போங்கள். வீட்டிலும் அடுப்பிலும் அடைபட்டிருப்பவர்களுக்குத்தான் அந்தக் காற்று அதிகமாக வேண்டும். எல்லா ஜாதிக்காரரும் சேர்ந்து போய், கொண்டுபோனதை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். போன இடத்தில் எச்சில் இலையையும் குப்பையையும் போட்டுவிட்டு வராதீர்கள். ஆபத்து என்று அறிந்தவர் சொன்னால் கேளுங்கள். மழை பெய்யும்போது அருவியில் வீரம் காட்டாதீர்கள். ஆனால் இங்கே நீங்கள் வரக்கூடாது, உங்கள் கால் பட்டால் கெட்டுவிடும் என்று எவராவது சொன்னால், அப்போது மாத்திரம் கேளாமல் விடாதீர்கள். யார் கால் பட்டால் கெடாது என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லவேண்டியவன் தடுக்கிறவனே தவிர நடக்கிறவன் அல்ல.